எட்டாம் நம்பர் மெஷின்

பயணத் துணிகளை எட்டாம் நம்பரில் போட்டேன்.
அது இழுத்து இழுத்து ஓடும்,
வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர்
முதலில் தேநீர் நிறமானது,
பிறகு செங்கல்,
பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஒரு சிவப்பு.

பகாவிலும் மண் சிவப்புதான்.
ஆனால் இது ஒட்டுகிற சிவப்பு,
செம்பனைக் குலை லோரியின் டயரோடு டவுனுக்கு வந்து
மழையோடு போய்விடும்.
அது ஒட்டாது, நுழையும்.
சப்பாத்துத் தையலில், காது மடலில்,
மூக்குக் கண்ணாடியின் திருகாணியில்.
வந்து பன்னிரண்டு நாள்,
தும்மினால் இன்னும் அந்த ஊர்.

"அப்படி என்னதான் பார்த்தே?"
குணசீலன் கேட்டார், சில்லறையை அடுக்கிக்கொண்டே.
தண்ணீர், என்றேன்.
வெளியே மூன்றாம் நாளாக மழை.
"இதைப் பார்க்கவா நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி?"

கோகிலவாணி அங்கே தாதி.
தங்கச்சி என்றாலும் அவள் ஓட்டினாள், நான் பயந்தேன்.
பள்ளியில் பாலை என்றால் ஐந்து மதிப்பெண்,
மணல் என்று எழுதினேன், ஐந்தும் போட்டார்கள்.
மணல் இல்லை.
கல்.
பிழிந்து, உதறாமல்,
கொடியில் ஏற்ற ஆளில்லாமல்
விட்டுப்போன போர்வை மாதிரி
தொடுவானம் வரைக்கும் மலை கிடந்தது.
இருபத்தோரு வருஷம் துணியோடு இருக்கிறவளுக்கு
வேறு எப்படித் தெரியும்?
உண்மையைச் சொன்னால் கை பரபரத்தது,
ஒரு முனையைப் பிடித்து உதற.

ஒரு மடிப்புக்குள் நடந்தோம்.
இரண்டு பக்கமும் பாறை,
மேலே ரிப்பன் அகலத்துக்கு வானம்.
வெளியே நாற்பது டிகிரி.
உள்ளே போகப் போக
யாரோ ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு
மூட மறந்த மாதிரி.
கடைசியில் அது.
நம் கடை அளவுகூட வராது.
கறுப்பு. ஒரு சுருக்கம் இல்லை.
எட்டு மாதமாக மழையே இல்லையாம்,
அது பாட்டுக்கு இருக்கிறது.
ஓரத்துச் சேற்றில் குட்டிக் குட்டிக் கால்தடங்கள்,
எங்கெங்கிருந்தோ வந்து
அங்கே வந்ததும் குனிந்தவை.
கோகிலா குரலைத் தணித்தாள்,
தணிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
பலகையில் இருந்தது வேறு:
இந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் உண்டு,
குளிக்காதீர், கல் எடுக்காதீர்.
எடுக்கவில்லை.
தூசி தானாக வந்தது.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே
எட்டு நின்றது. ஏழு, ஆறு,
ரொக்கியா மக்சிக்கின் திரைச்சீலை சுற்றிய மூன்று.
குழாயில் காற்று.
தண்ணீர் வெட்டு, மாலை வரைக்கும்,
போனில் செய்தி வந்தது, மன்னிப்போடு.
தகரக் கூரைமேல் மழை
காது கேட்காத அளவுக்கு.
குணசீலன் வாளிகளோடு ஓடினார்,
இந்த முறை நான் சிரித்தேன்.

காத்திருந்தவன் ஒருவன்தான்,
எண்ணெய் ஆலை நேப்பாளி, தில் பகதூர்,
மடியில் எட்டுப் பேர் சீருடை மூட்டை.
பேச்சுக்கு, போனில் படத்தைக் காட்டினேன்.
மற்றவர்கள் அழகு என்று தள்ளிவிட்ட படம்.
இவன் இரண்டு விரலால் அகட்டி
நிழலுக்குள் போய்க்கொண்டே இருந்தான்.
பிறகு அவனுக்குத் தெரிந்த மலாயில்:
"அக்கா, இந்தத் தண்ணீருக்குச் சத்தம் உண்டா?"

யாரும் கேட்கவில்லை இதுவரை.
யோசித்துத்தான் சொன்னேன், இல்லை.

அவன் ஊர்த் தண்ணீர் ஒரு நொடி வாய் மூடாதாம்.
இங்கே வந்த முதல் மாதம் தூக்கமே வரவில்லையாம்,
கேட்டு வாங்கி
பாய்லர் பக்கத்துக் கட்டிலுக்கு மாறும் வரைக்கும்.

பிறகு பேச்சில்லை.
எட்டாம் நம்பர் கண்ணாடிக்குப் பின்னால்
சிவப்பு மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது,
மேலே கொஞ்சம் தெளிந்து,
என் நீலச் சுடிதாரின் ஒரு கை மட்டும் தெரிந்து.
இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தேகாலுக்குக் குழாய் இருமியது.
எழுந்து போய்
ரொக்கியாவின் திரைச்சீலையை முதலில் ஓட விட்டேன்.